சேமித்த லிங்க் எங்கே போனது? புக்மார்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரை லிங்க்குகளைச் சேமித்துப் படிக்க உதவிய பாக்கெட் ஆப் 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டதிலிருந்து, "அப்புறம் படிக்கலாம்" என்று சேர்த்து வைத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் புக்மார்க் பற்றி எப்போதும் வருகிற கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்கள் சில உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் அவை இருக்காது என்பதால் அவற்றைக் கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன்.

பிரவுசரிலேயே புக்மார்க் இருக்கிறதே, தனியாக ஒரு ஆப் எதற்கு?

பலருக்குத் தேவையே இல்லை. தினமும் திறக்கும் தளங்கள், மின்கட்டணம், ரயில் டிக்கெட், பிள்ளைகளின் பள்ளிப் பக்கம் என்று ஐம்பது, நூறு லிங்க்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ போதும்.

பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் தேடல் வசதியைப் பெரும்பாலானவர்கள் தொடுவதே இல்லை. குரோம் முகவரிப் பட்டையில் @ குறியோடு சேர்த்து புக்மார்க்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து டேப் விசையை அழுத்துங்கள். அதன்பின் அடிக்கும் சொல் உங்கள் புக்மார்க்குகளுக்குள் மட்டும் தேடப்படும். ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் எளிது: முகவரிப் பட்டையில் * போட்டு, ஓர் இடைவெளி விட்டுத் தேடினால் புக்மார்க் மட்டும் வரும், + போட்டால் டேக் (லிங்க்குக்கு நாம் வைக்கும் அடையாளச் சொல்), ^ போட்டால் நீங்கள் முன்பு பார்த்த பக்கங்கள். ஃபயர்ஃபாக்ஸில் புக்மார்க்குக்கு டேக் போடலாம், குரோமில் அந்த வசதி இல்லை.

கட்டுரைகளை நிறையச் சேர்ப்பவர், கம்ப்யூட்டரில் ஒரு பிரவுசரும் போனில் வேறொன்றும் வைத்திருப்பவர், பக்கத்தின் உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேட விரும்புபவர், இவர்களுக்குத்தான் தனிக் கருவி பயன்படும்.

சேமித்ததெல்லாம் இருக்கிறது, ஆனால் தேவைப்படும்போது கிடைப்பதில்லை. ஏன்?

சேமித்த அன்று உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதை லிங்க்கோடு சேர்த்து எழுதி வைக்காததால்தான். தமிழ்த் தளங்கள் பலவற்றில் பக்கத் தலைப்பு வெறும் "முகப்பு" என்றோ தளத்தின் பெயராகவோ இருக்கும். அதை அப்படியே சேமித்தால் ஆறு மாதம் கழித்து ஒரே பெயரில் பத்து புக்மார்க் வரிசையாக நிற்கும்.

முகவரியும் உதவாது. தமிழ் எழுத்துள்ள முகவரியை நகல் எடுத்து ஒட்டினால் அது சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாக மாறிவிடுகிறது. ஒருங்குறியில் (யூனிகோட்) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ள "தமிழ்" என்ற ஒரே சொல் 45 எழுத்துக்கு நீளும். தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து லிங்க் அனுப்பியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சரத்தைப் பார்த்து எந்தக் கட்டுரை என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் சேமிக்கும் பெட்டி திறந்ததும் தலைப்பைத் திருத்துங்கள். பிறகு ஒரு வரி எழுதுங்கள்: ஏன் வைத்தேன், இதில் எந்தப் பகுதி எனக்கு வேண்டும். "தாமிரபரணி பாசனம் பற்றிய கட்டுரை, மருதூர் அணைக்கட்டு பற்றிய பத்தி முக்கியம்" என்பது போல. பத்து விநாடி வேலை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்த ஒரு வரி எழுத மனம் வரவில்லையா? அந்தப் பக்கத்தைச் சேமிக்க வேண்டாம், மூடிவிடுங்கள்.

பாக்கெட் போய்விட்டது. எதற்கு மாறலாம்?

மாறுவதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இது முதல் தடவை இல்லை. டேக் போட்டு லிங்க் சேர்ப்பதைப் பரவலாக்கிய டெலிஷியஸ் 2003-ல் வந்தது. 2005-ல் யாஹூ அதை வாங்கியது, 2011-ல் விற்றது, பிறகும் கைமாறி, கடைசியில் 2017-ல் போட்டித் தளமான பின்போர்டே அதை வாங்கியது. கூகுள் புக்மார்க்ஸ் 2005-ல் தொடங்கி 2021 செப்டம்பரில் மூடப்பட்டது. பிரவுசர்களுக்கு இடையே புக்மார்க்கை ஒத்திசைத்துத் தந்த எக்ஸ்மார்க்ஸ் 2018 மே மாதம் நின்றது. கட்டுரைகளைச் சேமித்துப் படிக்க உதவிய ஆம்னிவோர் என்ற ஆப், அதன் குழு வேறொரு நிறுவனத்தில் சேர்ந்ததும், 2024 நவம்பரில் மூடப்பட்டது. பயனர்களுக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான். பாக்கெட் 2007-ல் வேறு பெயரில் தொடங்கி, 2017-ல் மொசில்லா கைக்கு வந்து, பதினெட்டு ஆண்டு வாழ்ந்தது. இந்தத் துறையில் அது நீண்ட ஆயுள்.

ஆகவே, "எது மூடப்படாது?" என்று தேடாதீர்கள். "மூடினால் என் சேகரிப்பை எந்த வடிவில் வெளியே எடுக்கலாம்?" என்று பாருங்கள். சரி, இப்போது இருப்பவற்றில் சில:

ரெயின்ட்ராப். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இலவசத்திலேயே லிங்க் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஃபோல்டர், டேக் இரண்டும் உண்டு. பக்கத்துக்குள் தேடுவதும், பக்கத்தின் நகலை வைத்திருப்பதும் கட்டணத் திட்டத்தில்தான். சேகரிப்பைக் கோப்பாக வெளியே எடுப்பதும் (எக்ஸ்போர்ட்) எளிது.

இன்ஸ்டாபேப்பர். 2008-லிருந்து இருக்கிறது. நீண்ட கட்டுரைகளை விளம்பரமில்லாமல் படிக்க நன்றாக இருக்கும். பாக்கெட்டை வெறும் படிப்பதற்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இது போதும்.

வாலபேக். திறமூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்). கட்டுரையின் உரையையே எடுத்து வைத்துக்கொள்ளும். சொந்த சர்வரில் நிறுவலாம், அல்லது சிறிய ஆண்டுக் கட்டணத்தில் அவர்கள் நடத்தும் சேவையில் சேரலாம்.

லிங்க்டிங், காராகீப் ஆகியவை சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஓட்டத் தெரிந்தவர் என்றால் தாராளமாகப் போகலாம். தெரியாதவர்கள் இதற்காக அதைக் கற்கத் தேவையில்லை.

பாக்கெட்டிலிருந்து கோப்பை எடுத்து வைத்தவர்கள் திறந்து பார்த்தால் முகவரி, தலைப்பு, டேக், சேர்த்த நேரம் ஆகியவைதான் இருக்கும். கட்டுரையின் உரை அதில் இல்லை. லிங்க் செத்திருந்தால் உங்களிடம் மிஞ்சுவது தலைப்பு மட்டுமே. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பல வருட வாசிப்பு அப்படிப் போயிருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

லிங்க் சேமித்துவிட்டால் அந்தப் பக்கம் எப்போதும் இருக்குமா?

இருக்காது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் காணாமல் போயிருந்தது. தமிழில் இதன் வலி இன்னும் அதிகம். தொடக்ககாலத் தமிழ்த் தளங்கள் பல, இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸில் இருந்தன. அது 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற மடலாடற்குழுக்கள் நடந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முழுவதும் நின்றன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. இணையத் தமிழின் முதல் தலைமுறை எழுத்தும் உரையாடலும் இந்த இடங்களில்தான் நிறைய நடந்தன. இருக்கும்போதே நகல் எடுத்தவர்களால்தான் அவற்றில் கொஞ்சமாவது இன்று படிக்கக் கிடைக்கிறது.

முக்கியமான பக்கம் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில், இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். 1996 முதல் பக்கங்களைச் சேர்த்துவரும் அமைப்பு அது. கணக்கு தேவையில்லை, காசும் இல்லை. நீங்கள் சேமித்தது மற்ற எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நல்ல தமிழ் வலைப்பதிவைப் பார்த்தால், அதன் பழைய பதிவுகள் அங்கே இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் அதோடு நிற்க வேண்டாம். 2024 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் அந்தத் தளமே சில நாள் முடங்கியது. உள்நுழைந்தால் மட்டும் தெரியும் பக்கங்களை வேபேக் மெஷினால் எடுக்கவும் முடியாது. ஆகவே இரண்டாவதாக உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் வையுங்கள். சிங்கிள்ஃபைல் என்ற இலவச பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்), படங்கள் உட்பட முழுப் பக்கத்தையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறக்கித் தரும். பிடிஎஃப் ஆக அச்சிடுவதை விட இது நல்லது. எழுத்து எழுத்தாகவே இருக்கும், தேடலாம், நகல் எடுக்கலாம். தமிழ் பிடிஎஃப் கோப்புகளிலிருந்து உரையை நகல் எடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்குக் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும் கோலம் தெரியும்.

அரசாணைகள், சுற்றறிக்கைகள் போன்றவற்றுக்கு லிங்க் மட்டும் வைத்தால் போதவே போதாது. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரி அறுந்துவிடும். பார்த்த அன்றே கோப்பை இறக்கி, துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

பழைய தமிழ்ப் பக்கம் ஒன்று கிடைத்தது. எழுத்தெல்லாம் கிறுக்கலாக இருக்கிறது. சேமித்துப் பயனுண்டா?

உண்டு, விட்டுவிடாதீர்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியேற்றங்களில் (எழுத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் முறைகளில்) எழுதினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது கிறுக்கலாகத் தெரியும். பக்கத்தை அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, உரையை மட்டும் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் ஒட்டினால் ஒருங்குறியாக மாறும். எந்தக் குறியேற்றம் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். படிக்க வருவதுதான் சரியானது. மாற்றிய உரையையும் மூலத்தையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

ஃபோல்டரா, டேகா?

ஃபோல்டர் குறைவாக, டேக் தேவைக்கு. ஒரு கட்டுரை திருநெல்வேலி பற்றியதாகவும் உணவு பற்றியதாகவும் பழைய புகைப்படங்கள் உள்ளதாகவும் இருக்கலாம். ஃபோல்டரில் போட்டால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். டேக் என்றால் மூன்றையும் போடலாம். ஐந்தாறு பெரிய ஃபோல்டர் வைத்துக்கொண்டு மீதியை டேகுக்கு விடுவதே என் வழக்கம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று போனால் போன் திரையில் தேடிப் பிடிப்பதற்குள் அலுத்துவிடும்.

தமிழில் டேக் போடலாமா?

போடலாம், போடுங்கள். ஆனால் சில பழக்கங்கள் வேண்டும்.

முதலாவது, ஒருமையா பன்மையா என்று முடிவு செய்யுங்கள். சிறுகதை, சிறுகதைகள் என்று இரண்டு டேக் உருவாகிவிட்டால் சேகரிப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். நான் ஒருமையில் நிற்கிறேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் வேற்றுமை உருபு இல்லாமல் தனிப் பெயராக: "மதுரை", "மதுரையில்" இல்லை.

இரண்டாவது எழுத்துக்கூட்டு. "மௌனம்" என்ற சொல்லைப் பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு "மெளனம்" என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. ஒன்றில் தேடினால் மற்றொன்று வராது. "ஔவையார்" தேடிக் கிடைக்காவிட்டால் ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவையார்" என்றும் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, தேடும் சொல்லின் வடிவம். தமிழில் சொல் உருபு ஏற்றால் அதன் கடைசிப் பகுதியே மாறிவிடும். "குளம்" என்று தேடினால் "குளத்தில்", "குளத்தை" என்று எழுதியிருக்கும் கட்டுரைகள் வராது. "குள" என்று மட்டும் அடித்தால், சொல்லின் பகுதியை வைத்தும் தேடித் தரும் கருவிகளில் எல்லாமே வரும். "மரம்" என்றால் "மர", "வீடு" என்றால் "வீட". தேவையில்லாததும் கொஞ்சம் வரும், பரவாயில்லை. தமிழில் தேட இது போல் கைகொடுக்கும் வழி வேறில்லை.

இரண்டு சொல் சேர்ந்த டேக் என்றால் நடுவே சிறு கோடு போடுங்கள்: கோயில்-கலை. சில கருவிகள் இடைவெளியை டேக் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும்.

வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைத்துக்கொள்கிறேன். அது போதாதா?

கையில் பிடிக்க நல்ல வழி, வைத்திருக்க நல்ல இடமில்லை. பேருந்தில் போகும்போது ஒரு லிங்க் வந்தால் உங்களுக்கே அனுப்பிக்கொள்வது சரிதான், நானும் செய்கிறேன். ஆனால் அங்கே டேக் கிடையாது, போன் மாற்றும்போது பேக்கப் சரியாக வராவிட்டால் எல்லாம் போய்விடும், நடுவே காய்கறிப் பட்டியலும் ஓடிபியும் கலந்திருக்கும். வாரக் கடைசியில் ஒருமுறை அதைத் திறந்து, வேண்டியதைப் புக்மார்க்குக்கு மாற்றிவிட்டு மீதியை அழித்துவிடுங்கள். டெலிகிராமின் சேமித்த செய்திகளுக்கும் இதே பதில்தான்.

யூடியூப் வீடியோக்களை பிளேலிஸ்ட்டில் சேர்க்கிறேன். சரிதானே?

சரிதான், ஒரு ஆபத்தைத் தவிர. வீடியோவை உரியவர் நீக்கிவிட்டால் பிளேலிஸ்ட்டில் "நீக்கப்பட்ட வீடியோ" என்று மட்டும் நிற்கும், தலைப்பும் தெரியாது. எதை இழந்தோம் என்பதே தெரியாமல் போகும். முக்கியமான உரைகள், கச்சேரிகள் என்றால் தலைப்பு, பேசியவர் அல்லது பாடியவர் பெயர், சேனல், எத்தனையாவது நிமிடம் என்பதைத் தனிக் குறிப்பில் எழுதி வையுங்கள். பெயர் தெரிந்தால் வேறொருவர் ஏற்றியிருப்பதைத் தேடிப் பிடிக்க வாய்ப்புண்டு.

ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தொடங்கவே வேண்டாம். "பழையது" என்று ஒரு ஃபோல்டர் திறந்து மொத்தத்தையும் அதற்குள் தள்ளுங்கள். இன்று முதல் சேர்ப்பதை மட்டும் ஒழுங்காகச் சேருங்கள். பழையதிலிருந்து ஏதாவது தேடி எடுத்தால், அப்போது அந்த ஒன்றுக்குத் தலைப்புத் திருத்தி, குறிப்பு எழுதி வெளியே கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடுக்கப் போகிறவர்கள் பாதியில் சோர்ந்து, புதிதாகச் சேர்ப்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

ஆய்வு மாணவன் நான். கட்டுரைகளை மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. எதைப் பயன்படுத்தலாம்?

சோட்டேரோ. யோசிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் உருவான திறமூல மென்பொருள், இலவசம். பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுரையின் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் தானாகவே பதிவாகும், இணையப் பக்கமாக இருந்தால் அதன் நகலும் சேரும். கோப்புகளை ஒத்திசைக்க அவர்கள் தரும் இலவச இடம் 300 எம்பிதான், ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்.

தமிழ் நூல்களுக்கு விவரங்கள் சரியாக வராது. கையால் நிரப்ப வேண்டும். குறிப்பாகத் தமிழ்ப் பெயர்களை முன்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரித்துக் குழப்பும். பெயர்ப் பெட்டியை ஒற்றைப் பெட்டியாக மாற்றும் வசதி பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். "மதுரைத் திட்டம்", "நூலகம்" போன்ற மின்னூல் தளங்களிலிருந்து எடுக்கும்போது மின்னூலின் விவரத்தோடு மூல அச்சுப் பதிப்பின் ஆண்டையும் பதிப்பகத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேடுவது பெரும்பாடு.

ஏஐ தானாகவே டேக் போட்டு அடுக்கித் தருமாமே?

தரும். காராகீப், ரெயின்ட்ராப் இரண்டிலும் அப்படி வசதி இருக்கிறது. கட்டுரை எதைப் பற்றியது என்பதை அது சொல்லிவிடும். அது உங்களுக்கு எதற்கு என்பது உங்களுக்குத்தான் தெரியும், அந்த ஒரு வரியை நீங்களே எழுதுங்கள்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒத்திசைவு போட்டிருக்கிறேன். அதுவே பேக்கப்தானே?

இல்லை. ஒத்திசைவு என்றால் ஓரிடத்தில் நடப்பது எல்லா இடத்திலும் நடக்கும். போனில் ஒரு ஃபோல்டரைத் தவறிப்போய் அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழியும். பேக்கப் என்பது தனியாக ஒரு கோப்பு.

குரோமில், கம்ப்யூட்டரில், கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ அழுத்தினால் புக்மார்க் மேலாளர் திறக்கும். மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி, அதில் எக்ஸ்போர்ட். ஃபயர்ஃபாக்ஸிலும் அதே விசைகள்தான். அங்கே இம்போர்ட், பேக்கப் பட்டியலில் எச்டிஎம்எல், ஜேசன் என்ற இரண்டு கோப்பு வடிவங்களும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே தேதி வாரியாகச் சில நகல்கள் வைத்துக்கொள்ளும், அழித்துவிட்டுத் தவிப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

அந்த எச்டிஎம்எல் கோப்பின் முதல் வரியில் நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். 1990-களின் பிரவுசர் அது. அது போய்விட்டது, அதன் புக்மார்க் கோப்பு வடிவத்தை இன்றும் எல்லா பிரவுசர்களும் பெரும்பாலான ஆப்களும் படிக்கின்றன. அதனால்தான் எந்தக் கருவிக்குப் போனாலும் இந்தக் கோப்பாக எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே எடுத்துப் பார்த்துவிடச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, தேதியைப் பெயரில் போட்டு, பென்டிரைவிலோ உங்களுக்கே மின்னஞ்சலாகவோ வையுங்கள். ஆயிரக்கணக்கான லிங்க் இருந்தாலும் சில எம்பிதான் வரும்.

சேகரிப்பை மற்றவர்களோடு பகிரலாமா? எதைச் சேமிக்கக் கூடாது?

நண்பர்கள் குழுவோடு என்றால் ரெயின்ட்ராப்பில் ஒரு ஃபோல்டரை மட்டும் பகிரலாம். ஆப் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும்: லிங்க், தலைப்பு, ஏன், யார் சேர்த்தது என்று நான்கு நெடுவரிசை.

பகிரும் முன் முகவரியின் வாலைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் நீண்ட பகுதி பல நேரம் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கண்காணிப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. அதை வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள், பக்கம் வந்தால் வெட்டியதையே சேமியுங்கள். கடவுச்சொல்லை மாற்ற வந்த லிங்க், மருத்துவ அறிக்கையின் லிங்க், "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று வைத்த குடும்பப் படங்களின் லிங்க் ஆகியவற்றைப் பொது ஃபோல்டரில் போடவே கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் அங்கிருந்து நீக்குவதோடு நிற்காமல், அந்தக் கோப்பின் பகிர்வு அனுமதியையும் இன்றே மாற்றுங்கள்.